கச்சேரி நாடாவில் ஒரு பட்டுப்புடவை

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குத் தெரிந்து திருவண்ணாமலையில் ராக் இசைக்கு ஒரே ஒரு ரசிகர்தான் இருந்தார். அவர் என் கணவர். அரசு அலுவலகத்தில் கிளார்க். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. சாயங்காலம் வீடு திரும்பியதும் ரேடியோவைத் திருகித் திருகி ஏதாவது வெளிநாட்டு நிலையத்தைப் பிடிப்பார். இரைச்சலுக்கு நடுவே கித்தார் கேட்டுவிட்டால் காபி ஆறிப்போவதுகூடத் தெரியாது. அதைப் பற்றிப் பேச அவருக்கு ஊரில் ஆளே இல்லை. என்னிடம் பேசிப் பார்த்தார். எனக்கு எல்லாமே மிக்ஸி ஓடுகிற மாதிரிதான் இருந்தது.

அந்தச் சமயத்தில் ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த நாலு வெள்ளைக்காரர்கள், அவர்கள் ஊரில் ராக் குழு நடத்துகிறவர்கள் என்று தெரியவந்தது. மௌனம் தேடி வந்தவர்கள்தான். ஆனால் வரும்போது டிரம்ஸையும் கொண்டுவந்திருந்தார்கள். கொஞ்ச நாள் மௌனமாக இருந்து பார்த்துவிட்டு, ஒரு கச்சேரி வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஆடி மாதம் என்பதால் கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. அதே காரணத்தால் நாதஸ்வரக்காரர் ஒருவரும் தவில்காரர் ஒருவரும் சும்மா இருந்தார்கள். இரண்டு பேரும் விருந்தினராக வாசிக்கச் சம்மதித்தார்கள்.

செய்தி கேட்டதிலிருந்து என் கணவருக்குத் தரையில் கால் நிற்கவில்லை. கல்ஃபிலிருந்து என் தம்பி வாங்கிவந்த டேப்ரெக்கார்டரில் புது பேட்டரி போட்டார். கச்சேரியைப் பதிவு செய்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, தான் முன் வரிசைக்குப் போய்விட்டார். பெட்டி என் மடியில். என் பக்கத்து நாற்காலியில் எதிர் வீட்டு அக்கா.

கச்சேரி தொடங்கியதும் அக்காவும் தொடங்கினார். அவருடைய நாத்தனார் போளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக அக்காவின் பட்டுப்புடவையை வாங்கிப் போனாளாம். திருப்பிக் கொடுத்தபோது உள்மடிப்பில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை இருந்ததாம். மேடையில் சத்தம் ஏற ஏற அக்காவும் குரலை உயர்த்திக்கொண்டே போனார். ஒலி பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று சைகை காட்டினேன். தலையாட்டிவிட்டு, தெளிவாகப் பதியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் என் கணவர் நாடாவைப் போட்டுக் கேட்டார். கித்தார் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. அக்கா நடு வீட்டில் பேசினார். "மடிச்சது மடிச்ச மாதிரியே குடுத்துட்டாம்மா. நானும் பிரிச்சிப் பாக்காத பீரோல வெச்சிட்டேன். கேட்டா அவ இன்னா சொல்றா தெரியுமா?" என்று அக்கா நிறுத்திய இடத்தில் தவில் தடதடவென்று முழங்கி ஓய்ந்தது. "வாங்கும்போதே ஓட்ட இருந்துச்சின்றா." உடனே நாதஸ்வரம் இழுத்தது.

கித்தார் வாசித்தவர் ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டுக்கு வந்து நாடாவில் ஒரு நகல் கேட்டபோது, பட்டுப்புடவையையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. என் கணவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கொடுத்தார்.

சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம், தோளில் பையோடு ஒரு வெள்ளைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அந்தக் குழு அவர்கள் ஊரில் ஓரளவு பேர் வாங்கிவிட்டதாம். கச்சேரிகளை ரசிகர்களே பதிவு செய்து நாடாக்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்களாம். அதில் எங்கள் நாடாவுக்குத் தனி மதிப்பாம். கித்தார்காரரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு தேடி வந்திருந்தார். விருந்தினராக வாசித்த மூன்று பேரில் இரண்டு பேர் யார் என்று தெரிகிறது, அந்த மந்திரம் ஓதுகிற அம்மாள் யார் என்று கேட்டார்.

என் கணவர், அது மந்திரம் இல்லை, குடும்ப விவகாரம் என்று தன் ஆபீஸ் ஆங்கிலத்தில் விளக்கினார். வந்தவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. நான் போய் அக்காவை அழைத்து வந்தேன். அக்காவைப் பார்த்ததும் அந்த மனிதர் கைகூப்பி எழுந்து நின்றார். இன்னொரு தடவை ஓத முடியுமா என்று டேப்ரெக்கார்டரை எடுத்தார்.

அக்கா கூச்சப்படவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அத எதுக்கு திருப்பிச் சொல்லணும்? அதுக்கப்புறம் நடந்தத சொல்றேன், கேட்டுக்கச் சொல்லுங்க. அது இன்னும் ஜாஸ்தி" என்றார். நாத்தனாரோடு பேச்சுவார்த்தை அறுந்தது, மாமனார் சாவுக்குப் போனபோது எதிரெதிரே உட்கார்ந்து அழுதது, எல்லாவற்றையும் சொன்னார். வந்தவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், தவில் இல்லாதது பெரிய குறை என்று என் கணவரிடம் மெதுவாகச் சொன்னார்.

பதிலுக்குத் தருவதற்காக அவர் ஒரு நாடா கொண்டுவந்திருந்தார். அதே கச்சேரியை மேடைக்குக் கீழே இருந்து வேறொரு வெளிநாட்டு ரசிகர் பதிவு செய்தது. போட்டதும் கித்தார் பளிச்சென்று கேட்டது. என் கணவர் கையை உயர்த்தி எங்களைப் பேசவிடாமல் நிறுத்தினார். ஒரு இடத்தில் கண் கலங்கியே போய்விட்டது. வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் சரியாக அந்த இடத்தில்தான் என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். தெரியாத வார்த்தைக்கெல்லாம் என் கணவர் வாயாலேயே டிரம்ஸ் அடித்தார். அவரும் வாயாலேயே பதில் வாசித்தார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக்கா என்ன கூப்ட்டீங்க?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, எழுந்து போய்விட்டார்.

மறுநாள் என் கணவர் கல்யாணமானபின் முதல்முறையாக உடம்பு நன்றாக இருக்கும்போதே லீவு போட்டார். அந்த வெள்ளைக்காரரை அழைத்துக்கொண்டு மலையைச் சுற்றக் கிளம்பினார். வழி நெடுக வாய் ஓயவில்லையாம். அடி அண்ணாமலையில் டீ குடிக்க உட்கார்ந்தபோது முழுக் கச்சேரியும் நடந்திருக்கிறது. என் கணவர் தலையை உதறி உதறி வாசித்ததைப் பார்த்த டீக்கடைக்காரர் வலிப்பு என்று பயந்துபோய், கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்து, முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டாராம். சட்டை நனைந்து வீடு வந்த மனிதரை, அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.