காலி டிரைவ்

நம்பினால் நம்புங்கள். இது நடந்தது பட்டப்பகலில், எட்டு வருஷமாக நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில்.

எனக்கு நாலு வருஷம் பின்னால் வந்து சேர்ந்தவனை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு பழைய மதர்போர்டாக இருந்தாலும் அதை இயக்கத் தேவையான மென்பொருள், அதாவது சிப்செட் டிரைவர், அவன் சிடியில் இருக்கும். கம்பெனிகளே இணையத்திலிருந்து தூக்கிவிட்ட டிரைவர்கள்! கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "டாக்டர் இல்லையா?" என்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

அன்று ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பதினைந்து வருஷத்துக் கம்ப்யூட்டர் வந்தது. சாயங்காலத்துக்குள் அதை ஓட வைக்கிறவனுக்குத்தான் புதுக் கிளையின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு முதலாளி சாப்பிடப் போனார். டாக்டர் கை கழுவப் போன சமயம் பார்த்து, அவன் சிடியை என் பைக்குள் தள்ளினேன்.

தேடினான். என்னைச் சந்தேகப்படக்கூட இல்லை.

"வீட்ல இன்னொரு காப்பி இருக்குண்ணே. எடுத்துட்டு வந்துடறேன்."

பைக்கில் கிளம்பினான். மணி 1:20.

சிடியைப் போட்டேன். சிப்செட் முதலில், மற்றதெல்லாம் அப்புறம் என்று அவன் தினமும் சொல்வான். அவசரத்தில் டிஸ்ப்ளே டிரைவரை முதலில் ஏற்றினேன். திரை நீலமாகி நின்றது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் நீலம். அவன் வந்துவிடப் போகிறானே என்று சிடியை எடுத்து மறுபடி பையில் ஒளித்தேன்.

மணி 2:17. கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது.

சிடியே இல்லாத காலி டிரைவ் சுற்ற ஆரம்பித்தது. கர்ர்ர்... கர்ர்ர்...

சிப்செட் டிரைவர் ஏறியது. பத்து சதவீதம்... நாற்பது... நூறு. மஞ்சள் எச்சரிக்கைக் குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

நான் மவுஸைத் தொடவில்லை.

வேலை முடிந்ததும் டாக்டர் திரையில் ஒரு குறிப்பு எழுதி வைப்பான். அதுவும் திறந்தது. ஒவ்வோர் எழுத்தாக...

'சிப்செட் முதல்லண்ணே. எத்தனை தடவை சொல்றது?'

அப்போதுகூட மனசுக்குள் முதலில் வந்தது... இதிலும் முந்திக்கொண்டானே.

2:31. போனில் முதலாளி.

"டாக்டர் மேல லாரி ஏறிடுச்சுப்பா. ரெண்டு மணிக்கே... அந்த இடத்துலயே..."

கம்ப்யூட்டரைச் சரி செய்தது நான்தான் என்று சொன்னேன். கிளை எனக்கே கிடைத்தது.

நாலாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். அவன் மனைவி அவனுடைய பையை எடுத்து வந்தாள்.

"அன்னிக்கு வீட்ல இருந்த காப்பி சிடியை இதுக்குள்ள வச்சு ஜிப்பை இழுத்தாரு. நான் பார்த்தேன். இப்ப வெறும் உறைதான் இருக்கு."

கடைக்கு ஓடினேன். மூன்று நாளாகக் கடை பூட்டிக் கிடந்ததால், கம்ப்யூட்டர் மேஜையிலேயே இருந்தது. டிரைவைத் திறந்தேன்.

உள்ளே ஒரு சிடி. அவன் கையெழுத்தில், 'இரண்டாவது காப்பி'.

விளிம்பில் தார் ரோட்டுப் பொடி ஒட்டியிருந்தது.