கரடிக்கு ஒரு தங்கச்சி

ஹுஸ்னா அக்கா யானைக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருக்கிறார். கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவி, கம்ப்யூட்டர் திரையின் மேல் குறுக்காக வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். "இவனுக்கு நாலு முழம் பத்தாதுடா தம்பி. முட்டி தெரியும். எட்டு முழமாக் கட்டி விட்டுருவோம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மவுஸை நகர்த்துகிறார். பிள்ளைகள் டிவியில் பார்க்கிற அந்த யானை, இனி போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து அரிசிக்கடைப் பைகளில் எட்டு முழ வேட்டியோடு நிற்கும்.

கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே தலையைக் குனிந்து நுழைந்தால் அக்காவின் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒன்றில் பெரும்பாலும் நான். ஊறுகாய் லேபிள், சோப்புத்தூள் கவர், ஜவுளிக்கடை ஃப்ளெக்ஸ், எதுவானாலும் ஒரு கார்ட்டூனாவது அதில் ஏறாமல் அந்தப் படிக்கட்டைத் தாண்டி வெளியே போகாது. அதற்கு அக்காவிடம் நியாயம் இருக்கிறது. "மனுசன் மூஞ்சியப் போட்டோம்னு வையி, இவன் எந்த ஊரு, எந்தத் தெரு, எந்தக் கட்சின்னு கெளறுவாங்க. அவனுக்கு ஆகாதவன் கடைப் பக்கமே வர மாட்டான். பூனைக்கு இந்த ஊர்ல பகையாளி யாரு, சொல்லு?"

யோசித்துப் பார்த்தேன். "எலி" என்றேன்.

"எலி கடைக்கு வந்தா காசு குடுத்தா வாங்குது?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அக்காவுக்குப் படம் வரைய வராது. அதை அவரே சொல்வார். "ஒரு வட்டம் போடச் சொன்னா பூசணிக்கா ஆயிரும். எனக்கு உடுத்தி விடத்தான் தெரியும்." முன்பு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர். கம்ப்யூட்டர் படித்த பிறகும் தையல்காரப் பேச்சு போகவில்லை. படத்தின் ஓரத்தை வெட்டினால் அது 'கத்திரி போடுறது'. பின்னணிக்கு நிறம் வைத்தால் 'லைனிங் குடுக்குறது'. வேலை முடியவில்லை என்றால், "இன்னும் கொக்கி வைக்கல, நாளைக்கு வாங்க."

அவர் செய்ததெல்லாம் பலித்தது என்று சொல்ல முடியாது. கறிக்கடை ஒன்றின் ஃப்ளெக்ஸில், சிரித்துக்கொண்டே தட்டு ஏந்தி நிற்கும் ஒரு கார்ட்டூன் ஆட்டைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கறி வாங்க வந்த பிள்ளைகள், ஃப்ளெக்ஸையும் கொக்கியில் தொங்குவதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தன. மறுநாளே ஆட்டை இறக்கிவிட்டு அந்த இடத்தில் சிங்கத்தை ஏற்றினார். மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு சுருளியின் கதை வேறு. அவர் விளம்பரத்துக்கு அக்கா ஆமையைப் போட்டுவிட்டார். "ஆமையப் பாத்தா எவன்க்கா ஏறுவான்? சிறுத்தையப் போடுங்க" என்று சுருளி குதித்தார். "போடிமெட்டு வளைவுல சிறுத்தை மாதிரி போனா ஏறுறவன் பூரா வாந்தி எடுப்பான். ஆமை இருக்கட்டும்" என்றார் அக்கா. கைப்பிள்ளைக்காரிகள் இன்றைக்கும் 'ஆமை ஜீப்பு எங்க நிக்குது' என்று விசாரித்துத்தான் ஏறுகிறார்கள். சுருளிக்கு அதில் வருமானமும் உண்டு, வருத்தமும் உண்டு.

எனக்கும் ஒன்று செய்து தந்தார். எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியேறி, பட்டம் வாங்கி இறங்கிய முதல் ஆள் நான். எங்கள் ஊர் ராசிங்காபுரத்தில் அதற்கு ஃப்ளெக்ஸ் வைக்காமல் அப்பா விடுவாரா? அக்கா எனக்குப் பக்கத்தில் அங்கியும் தொப்பியும் போட்ட ஒரு ஆந்தையை நிறுத்தினார். ஆந்தை என்னைவிடப் பெரிதாக இருந்தது. கேட்டதற்கு, "அதுக்கு அங்கி நல்லா விழுந்துச்சுடா" என்றார். ஃப்ளெக்ஸை விரித்ததும் அத்தை கத்திய கத்து பக்கத்துத் தெரு வரை கேட்டது. "ஆந்தைய எவனாச்சும் வாசல்ல வைப்பானா?" அன்று சாயங்காலமே அதே அங்கியைக் கிளிக்கு மாட்டி அனுப்பிவைத்தார். அங்கி கிளிக்குத் தரையில் புரண்டது.

படித்த பையன் என்ற பொறுப்பில் ஒருநாள் நான் எச்சரித்தேன். நான் பி.காம், வணிகச் சட்டத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவன். இந்தப் பொம்மைகளுக்கெல்லாம் எங்கோ ஒரு கம்பெனி சொந்தக்காரன் இருக்கிறான், கேட்காமல் எடுத்தால் வழக்குப் போடுவான் என்று பாடம் நடத்தினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அவன் பூனை தலையில துண்டு கட்டுமா? ஏலத்தோட்டத்து அட்டைக்குப் பயந்து நாக்காலி மேல ஏறி நிக்குமா? இது நம்ம ஊருப் பூனை. கம்பெனிக்காரன் வந்து அடையாளம் காட்டட்டும், பாப்போம்."

அப்படிச் சொன்னாரே தவிர, அன்று சாயங்காலமே அட்டை கடிக்காமல் காலில் தடவும் எண்ணெயின் லேபிளில் இருந்த அந்தப் பூனைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டப்பட்டது. என் படிப்பு வீண் போகவில்லை.

கம்பெனிச் சட்டத்துக்கு மசியாத அக்கா, தானே ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு கடைக்கு ஒரு ஆள். ஒருவருக்குப் போட்ட கார்ட்டூனை ஊரில் இன்னொருவருக்குப் போட மாட்டார். கேட்டு வந்தால், "மொயலா? மொயலைப் பல்பொடிக்காரருக்குக் கட்டிக் குடுத்தாச்சு" என்பார். மகளைக் கேட்டு வந்தவர்களுக்குச் சொல்வது போலவே இருக்கும். வந்தவர்களும் வரன் தட்டிப்போன முகத்தோடு திரும்புவார்கள்.

இந்தச் சட்டத்துக்குச் சோதனையாக வந்தவர் சிலமலை காளீஸ்வரி. விடியுமுன் ஜீப்பேறி மலைக்குப் போய் ஏலக்காய் பறிக்கும் வேலை பார்த்துவந்தவர். வருசக்கணக்காகச் சரிவில் குந்தியும் எழுந்தும் முட்டி தேய்ந்துவிட்டது. இனி மேடேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலேயே இஞ்சியும் ஏலக்காயும் போட்டு மிட்டாய் கிண்டி, வெறும் கவரில் கட்டி, பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடைகளில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

"படம் இல்லாத பாக்கெட்டப் பிள்ளைக தொட மாட்டேங்குதாம் தாயி. இதுவும் ஓடலேன்னா மறுபடி ஜீப்புதான். முட்டியக் கழத்தி வீட்டுல வச்சிட்டுத்தான் ஏறணும்" என்றார்.

"ஒனக்கு யாரு வேணும்க்கா?"

"கரடி."

அக்காவின் கை மவுஸில் அப்படியே நின்றது. டிவியில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டு வரும் குண்டுக் கரடிக்குத்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் மவுசு. அது பல வருசமாகக் கோட்டைச்சாமியின் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பாக்கெட்டில் கைலி கட்டி நிற்கிறது. கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தாலும் ஊருக்கு அது கரடிக் கடை. அக்காவுக்கு வருகிற வேலையில் பெரிய வேலையும் அவருடையதுதான்.

"கரடிய ஒரு அண்ணனுக்குக் குடுத்தாச்சேக்கா. முதலை சும்மாதான் இருக்கு, தரவா?"

"முதலை போட்ட முட்டாய எவ பிள்ளை வாயில வைக்கும்?"

"கழுதை?"

"நான் மலையில சொமந்தது பத்தாதாக்கும்?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். கரடியைத் திரைக்குக் கூப்பிட்டார். முகத்தை மறுபக்கம் திருப்பினார். ஆளைச் சிறிதாக்கினார். கைலியை உருவிவிட்டு, பல்பொடி முயலின் பெட்டியிலிருந்து ஒரு கவுனை எடுத்து மாட்டினார். கண்ணுக்கு இமைமுடி வைத்தார். சடைக்கு என்ன செய்வது? வரையத்தான் வராதே. யாரும் வேண்டாமென்ற அந்தக் கழுதையின் வாலைக் கத்திரித்து எடுத்து, தலையில் பின்னிவிட்டு, நுனியில் ரிப்பன் கட்டினார்.

"இந்தா. கரடியோட தங்கச்சி."

"அக்கா, உங்க சட்டம்?" என்றேன்.

"ஒரு கடைக்கு ஒரு ஆளு. இது வேற ஆளு" என்றார். ஆனால் சொல்லிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டார்.

பாக்கெட் கடைகளில் தொங்கிய வாரத்திலேயே பிள்ளைகள் 'கரடி பாப்பா முட்டாய்' கேட்கத் தொடங்கிவிட்டன. காளீஸ்வரி அடுத்த அச்சுக்குச் சொல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மாடிப்படியில் தலை இடிக்கும் சத்தம் கேட்டது. கோட்டைச்சாமி எப்போது வந்தாலும் அங்கே இடித்துக்கொண்டுதான் வருவார்.

கோட்டைச்சாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிப்ஸுக்கு அடுத்தபடி அவருக்கு உயிர் சீர்செனத்தி. உறவு வீட்டு விசேஷத்தில் தாம்பாளம் குறைந்தால் பந்தியில் உட்கார மாட்டார். தான் செய்கிற முறையிலும் குறை வைக்க மாட்டார். தங்கச்சி மகள் சடங்குக்கு அவர் சீர் கொண்டுபோன ஊர்வலத்தில், முன்னால் போன மேளம் மண்டபத்தில் நுழைந்தபோது கடைசித் தாம்பாளம் இன்னும் தெருமுனை திரும்பவில்லை என்பார்கள்.

அவர் ஒரு மிட்டாய்ப் பாக்கெட்டை மேசையில் அறைந்தார். "என்னம்மா இது? எங் கரடிக்குப் பாவாட கட்டி விட்டிருக்க?"

"அது ஒங்க கரடி இல்லண்ணே. தங்கச்சி."

"எவன் தங்கச்சி?"

"ஒங்க கரடிக்குக் கூடப்பொறந்தவ."

"எங் கரடிக்கு எப்பத் தங்கச்சி பெறந்துச்சு? எனக்குத் தெரியாம?"

அந்தக் கேள்வியிலேயே அவர் பாதி மாட்டிக்கொண்டார் என்று எனக்குப் பட்டது. அவருக்கும் பட்டிருக்க வேண்டும். சட்டென்று குரலை உயர்த்தினார். "இந்தக் கதையெல்லாம் எனக்கு வேணாம். நாளையிலருந்து இந்தப் பாக்கெட்டு வரக் கூடாது. வந்துச்சு, எஞ் சோலி பூராவையும் தேனிக்குக் கொண்டு போயிருவேன்."

காளீஸ்வரி எழுந்துவிட்டார். மேசையில் கிடந்த பாக்கெட் தாள்களை அள்ளிப் பைக்குள் திணித்தார். "எனக்காக நீ பொழப்பக் கெடுத்துக்காத தாயி. நான் சுருளிகிட்டச் சொல்லி ஜீப்புல எடம் போட்டுக்கிறேன்."

"நீ உக்காருக்கா" என்றார் ஹுஸ்னா அக்கா. பிறகு கோட்டைச்சாமி பக்கம் திரும்பினார். குரல் நன்றாக இறங்கியிருந்தது. "நிறுத்திருவோம்ணே. நீங்க சொன்னா நிறுத்த வேண்டியதுதான். ஆனா நாளப்பின்ன ஊரு கேக்கும். கூடப்பொறந்தவ பொழைக்கணும்னு வெளிய வந்திருக்கா, அண்ணங்காரன் கடையில அவ பாக்கெட்டுச் சரத்த மாட்ட ஒரு ஆணி இல்லாமப் போச்சான்னு. நீங்க மேளதாளத்தோட சீர் கொண்டு போனவரு. ஒங்க கரடி மட்டும் கைய வீசிக்கிட்டு நிக்குமா?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது போல அதைத் திறந்து குனிந்துகொண்டேன். கோட்டைச்சாமி சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். காதைப் பார்த்தார். சாடை ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது.

"ஆத்தா, முட்டாயி ஒண்ணு குடு" என்று காளீஸ்வரியிடம் கை நீட்டினார். வாயில் போட்டு, ஒதுக்கி, சப்பி, கடித்தார். "இஞ்சி தூக்கலா இருக்கு."

"சளிக்குக் கேக்கும்ணே" என்றார் காளீஸ்வரி.

"கெடக்கட்டும். நாளைக்கு வெரசாவே சரத்தக் கொண்டா. கல்லாவுக்கு நேரா மாட்டுறேன். பொம்பளப் பிள்ளைய ஒரு மூலையில தொங்க விட்டா எனக்குத்தான் கேவலம்."

காளீஸ்வரி பைக்குள் திணித்த தாள்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக முட்டியில் வைத்துக் கசங்கலை நீவத் தொடங்கினார். முடித்ததும் "பாகு காச்சணும், வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, படியில் தலை இடிக்காமல் குனிந்து வெளியேறினார்.

கோட்டைச்சாமி போகவில்லை. திரையிலிருந்த கரடிப் பாப்பாவை முறைத்துக்கொண்டு நின்றார். "அதென்னம்மா கவுனு, முட்டிக்கு மேல? எங் கரடிக்குத் தங்கச்சின்னா ஒரு மட்டு மரியாதை வேணாம்? எறக்கு."

அக்கா இறக்கினார்.

"இன்னும்."

கெண்டைக்கால் மறைந்தது.

"இன்னும் கொஞ்சம்."

டிவியில் அண்ணன் கரடி கால்சட்டையே போடுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கணுக்கால் மறைந்த பிறகுதான் கோட்டைச்சாமிக்கு முகம் தெளிந்தது. "இப்பத்தான் குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருக்கு" என்று சொல்லி, படியில் தலையை இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

அவர் செருப்புச் சத்தம் தெருவில் கரைகிற வரை ஹுஸ்னா அக்கா அசையவில்லை. பிறகு திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "சோலிக்குப் போற பிள்ளை. தடுக்கி விழுந்தா அவரா வந்து தூக்குவாரு?" என்றபடி கவுனின் ஒரு முனையை மவுஸால் பிடித்து மேலே தூக்கி, இழுத்து இடுப்பில் சொருகிவிட்டார்.