சியூவும் பாதியில் நின்ற புரதமும்

தைவானின் தைனான் நகரில் எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டும் சியூ மாவ்ஷெங், மனைவி கர்ப்பமாக இருந்தபோது படுக்கையறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். காலண்டர் மாட்டத்தான். பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடித்தால் கருவைக் காக்கும் தெய்வத்துக்கு அடிபடும் என்பது மாமியாரின் கட்சி. பிறந்த பெண் பெய்யுன்னுக்கு ரத்தம் சரியாக ஊறவில்லை. தாலசீமியா என்றார்கள், மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. காரணத்தை டாக்டர் வேகமாகச் சொன்னார், மாமியார் நிதானமாகச் சொன்னார். சியூவுக்குப் புரிந்தது மாமியார் சொன்னதுதான். அதன்பிறகு அவர் சுத்தியலைத் தொடவில்லை.

போன வருடம் பெற்றோர் தினத்துக்கு உயிரியல் ஆசிரியை லியாவ், செல் எப்படிப் புரதம் கட்டுகிறது என்று நடித்துக் காட்ட ஏற்பாடு செய்தார். கூடைப்பந்துத் தளத்தில் சாக்பீஸால் எழுதிய மரபணு எழுத்துகளை ஒரு மாணவி மூன்று மூன்றாகப் படிப்பாள். ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு பிள்ளை வந்து முந்தைய பிள்ளையின் கையைக் கோத்துக்கொள்ளும். அந்த வரிசைதான் புரதம். கடைசியில் விசில் கேட்டதும் 'நிறுத்து' பலகையோடு சியூ நுழைய வேண்டும்.

ஒத்திகையில் பக்கத்து வாலிபால் மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். சியூ நுழைந்துவிட்டார். அதுவரை கைகோத்திருந்த பிள்ளைகள் கலைந்து போனார்கள். மீதிப் பேர் வேலையில்லாமல் நின்றார்கள்.

"அண்ணே, யார் உங்களை இப்பவே வரச் சொன்னது?" என்று லியாவ் சிரித்தார். "ஆனா நிஜத்துலயும் இப்படி ஆகும். மரபணு எழுத்துல ஒண்ணு பிசகினா 'நிறுத்து' முன்னாடியே வந்துடும். ரத்தத்துக்கு வேண்டிய புரதம் பாதியில நின்னுடும். தாலசீமியா சில பேருக்கு அப்படித்தான் வருது."

சியூ பலகையைக் கீழே வைத்தார்.

"ஆணி அடிச்சா எழுத்து பிசகுமா, டீச்சர்?"

"ஆணியா? அதெல்லாம் இல்லண்ணே. அப்பாகிட்ட ஒரு பிசகு, அம்மாகிட்ட ஒரு பிசகு, ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் குழந்தைக்கு இந்த அளவுக்கு ஆகும்."

சியூ பேருந்தில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு நேரே மாமியார் வீட்டுக்குப் போனார்.

"அத்தை, ஆணியால ஒண்ணும் ஆகலியாம். பாதி எங்கிட்டேர்ந்து, பாதி உங்க பொண்ணுகிட்டேர்ந்து."

மாமியார் கொய்யா நறுக்குவதை நிறுத்தினார்.

"என் பொண்ணுக்கு எங்கேர்ந்து வந்துச்சாம்?"

"உங்ககிட்டேர்ந்து இருக்கலாம். இல்லாட்டி மாமாகிட்டேர்ந்து."

"அப்ப அவர்தான்" என்றார் மாமியார், கண நேரமும் யோசிக்காமல்.

மாமனார் இறந்து ஒன்பது வருடமாகியிருந்தது. அந்த மாதம் அவர் படத்துக்கு முன்னால் வழக்கமான பழம் வைக்கப்படவில்லை.