மூன்று விநாடி மௌனம்

எழில்மதியின் அப்பா வீரமுத்து மண்டியில் மூட்டை தூக்கியவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு, கருணாபுரத்து வீட்டில், காலை பத்து மணி வெயிலில், "லைட்டப் போடு மதி, இருட்டிக்கினு வருது" என்றார். குடித்த கள்ளச்சாராயம் முதலில் கண்ணைப் பறித்திருந்தது. அவள் விளக்கைப் போட்டாள். போட்ட பிறகும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் கேட்க அவர் இல்லை.

அதன் பிறகு அம்மா சாலம்மாள் கழனி வேலைக்குப் போய்த்தான் மகளை பி.காம். முடிக்க வைத்தாள். இப்போது ஒரு சென்னைக் கம்பெனி கள்ளக்குறிச்சியில் கிளை திறக்கிறது. வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரே ஒரு டீம் லீடர் வேண்டும். ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பிரசன்டேஷன் கொடுத்துத் தேர்வாக வேண்டும். அந்த வேலை கிடைத்துவிட்டால் அம்மா இனி வெயிலில் குனிய வேண்டாம். அதற்காகத்தான் எழில்மதி பஸ் ஸ்டாண்டு மாடியில் இருந்த தீனதயாளனின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள்.

ஒருநாள், அவரவர் வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவத்தைச் சொல்லச் சொன்னார் தீனதயாளன். அவள் அந்த விளக்கைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். வகுப்பே உறைந்துபோனது. தீனதயாளன் மட்டும் உற்சாகமாகக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"சூப்பர்மா! இதான் ஓபனிங். லைட்னு சொன்னதும் மூணு செகண்டு பாஸ் வுடு, கம்முனு நில்லு. அப்புறம் ஸ்லைடுக்குப் போ."

"வேணாங்க சார். அது எங்கப்பா" என்றாள்.

அழத் தெரியாதவளுக்கு வேலை எப்படிக் கிடைக்கும் என்று சிரித்துவிட்டு, அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

எழில்மதி தனக்கென்று வேறொன்றைத் தயாரித்தாள். பார்சல் தாமதமானதால் திட்டும் வாடிக்கையாளரிடம் காரணங்களை அடுக்கக் கூடாது. முதலில் மன்னிப்புக் கேட்டு, என்றைக்கு வந்து சேரும் என்பதைச் சொல்ல வேண்டும். இதை ஆறே ஸ்லைடுகளில் வைத்து, சமைக்கும்போதும் துவைக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள்.

தேர்வு நாள். ஹோட்டல் ஹால் வாசலில், சங்கராபுரத்திலிருந்து மகனை வண்டியில் அழைத்து வந்த பொன்னுரங்கம் நின்றிருந்தார். கரும்பு விவசாயி. உள்ளே வர வேண்டாமென்று மகன் பிரவீன்குமார் சொல்லிவிட்டானாம். அவன் தீனதயாளன் வகுப்பில் அவளோடு படித்தவன். அவளுக்கு முன்னால் மேடையேறியவனும் அவனே.

தன் அப்பா இறந்த காலையிலிருந்து ஆரம்பித்தான் அவன். பத்து மணி வெயில். கண் தெரியாத அப்பா. லைட்டைப் போடச் சொன்னாராம். சொல்லிவிட்டு நிறுத்தினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

தேர்வாளர்களில் ஒரு பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில், மாணவர்களோடு வந்திருந்த தீனதயாளன் திருப்தியாகத் தலையாட்டினார். எழில்மதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். சீ! சவத்தின் மேலிருந்த துணியைக்கூட உருவி இன்னொருவனுக்குத் தைத்துக் கொடுக்கும் மனிதர்களும் உண்டா?

அவள் முறை வந்தது. பிழையில்லாமல் பேசினாள். முடிந்ததும் அந்தப் பெண்மணி, எல்லாம் சரி, ஆனால் மனதைத் தொடவில்லையே, அந்தப் பையனைப் போல உனக்கென்று ஒரு கதை இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ, மேடம்."

பெற்ற அப்பாவை இல்லையென்று சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளுக்குத்தான் அவள் தடுமாறவே இல்லை.

மாலையில் கதவில் ஒரே ஒரு பெயரை ஒட்டினார்கள். பிரவீன்குமார்.

வெளியே வந்தவளைப் பொன்னுரங்கம் வழிமறித்தார். முகமெல்லாம் பூரிப்பு. அவருக்குப் பின்னால், வண்டிச் சாவியைத் திருகியபடி மகன்.

"பாப்பா, நீயும் உள்ளதான இருந்த? எம்புள்ள இன்னா பேசனான்? என்னப் பத்தி எதனா சொன்னானா?"

பிரவீன்குமாரின் கண்கள் அவளிடம் கெஞ்சின. அந்தக் கெஞ்சலும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"உங்களப் பத்திதாங்க பேசினாரு. கேட்டவங்கல்லாம் அழுதுட்டாங்க."

"அப்படி இன்னாம்மா சொன்னான்?" அவர் குரல் தழுதழுத்தது.

"அவரையே கேளுங்க. தமிழ்ல சொல்லச் சொல்லுங்க."

ஷேர் ஆட்டோவில் ஏறித் திரும்பிப் பார்த்தாள். பொன்னுரங்கம் ஆசையோடு மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வாய் திறக்கவில்லை.

மூன்று விநாடி ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று.