காஜா மொய்தீன் சட்டையும் ஜஹானாராவின் மூக்கும்

எங்கள் பனியன் கம்பெனியில் ஜஹானாராவின் மூக்கைத் தாண்டாமல் ஒரு பெட்டிகூட லாரி ஏறாது. ஊசி எண்ணெய், மண்ணெண்ணெய், பூஞ்சை, எந்த வாடையானாலும் மோந்து பார்த்துப் பொறுக்கி எறிந்துவிடுவாள். அந்த மூக்குக்குத்தான் அவளுக்குச் சம்பளம். அவள் கணவர் காஜா மொய்தீனுக்கு அங்கேயே பாய்லரில் வேலை.

1994இல் வெளிநாட்டு வியாபாரியின் ஆள் வந்து ஒரு பெட்டியைத் திறந்தான். துணியை மென்மையாக்கப் போட்ட மருந்து கெட்டுப்போய், புதுப் பனியன் அத்தனையும் வியர்வை நாற்றம். மடித்தவர்களோ, வாடை தெரிந்தும், ஜஹானாரா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்கள். அவள் திரும்பத் திரும்ப மோந்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். சூப்பர்வைசருக்கு அது போதாதா? மோந்தே பார்க்காமல் அனுப்பிவிட்டு இப்போது பொய் பேசுகிறாள், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று குதித்தான். பதினைந்து வருடம் அவளுக்குப் பக்கத்தில் மிஷினில் தைத்தவள் நான். அவள் பொய் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

முதலாளி கருப்புசாமி அவசரப்படவில்லை. அவள் கண்ணைத் துணியால் கட்டச் சொல்லி ஒவ்வொன்றாகக் கொடுத்தார். எண்ணெய் பட்டது, ஈரத்தில் கிடந்தது, எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். கடைசியாக, பாய்லர் ஆணியில் தொங்கிய சட்டை ஒன்றைச் சூப்பர்வைசர் கொண்டுவந்தான். நாங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினோம். அவள் முகத்தோடு ஒட்டி மோந்தாள்.

“இது சுத்தமா இருக்குதுங்க. பெட்டியில வைக்கலாமுங்க.”

ஷெட்டே சிரித்தது. கண்கட்டை அவிழ்த்தால், அவள் கணவர் சட்டை. பாவம், முகம் சிவந்துபோனாள்.

முதலாளி தெரிந்த டாக்டரிடம் கேட்டார். வாசனையைப் பிடிக்க நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருப்பதாக மூன்று வருடத்துக்கு முன்புதான் கண்டுபிடித்தார்களாம். பிறவியிலேயே அதில் ஏதோ ஒன்று வேலை செய்யாவிட்டால், அந்த ஒரு வாடை மட்டும் தெரியாமல் போகலாமாம். அவள் வேலை பிழைத்தது. வியர்வை வாடைக்கு மட்டும் இன்னொரு மூக்காக என்னை வைத்தார்கள்.

சாயங்காலம் காஜா மொய்தீன் அவளிடம் வந்து நின்றார். பன்னிரண்டு வருடமாகத் தினமும் கம்பெனிக் குழாயில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். மார்கழிப் பனியிலும் தவறாது. புது மாப்பிள்ளை என்று நாங்கள் கேலி செய்வோம்.

“உன் மூக்குக்குப் பயந்துதான் புள்ள குளிச்சேன்” என்றார்.

அவள் கண் நிறைந்துவிட்டது. “இத்தன வருசம் குளிர்ல நடுங்குனீங்களே. இன்னைக்கு அப்படியே ஊட்டுக்கு வாங்க.”

அன்று அந்தச் சட்டையோடே அவர் சைக்கிளை எடுத்தார். அவள் பின்னால் ஏறி, முன்னைவிட நெருங்கி உட்கார்ந்தாள். கூட நடந்த நாங்கள்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டோம்.