வேர்த்த சுவர்

அதிராம்பட்டினத்தில் வீடு கட்டியபோது செம்பராங்கல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் என் மனைவி. வல்லம் பக்கத்திலிருந்து லாரியில் வந்த, உடம்பெல்லாம் துளையான சிவப்புக் கல். துபாயில் வேலையில் இருந்த நான் சரி என்று சொல்லிவிட்டேன். இடையில் சுண்ணாம்புக் கலவை வைத்து, பூசாமலே கட்டினார்கள். அடைமழையில் சுவர் தண்ணீரைக் குடித்துக் கறுத்துவிடும். தை பிறந்தால் தானாகக் காய்ந்து பழைய நிறத்துக்கு வரும். கோடை மத்தியானங்களில் அவள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் என்னோடு போனில் பேசுவாள். ஏசி கேட்டதே இல்லை.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்குச் சம்பந்தம் பேசி, அவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. வெறும் கல் தெரிந்தால், கட்டி முடிக்க வக்கில்லாதவன் என்று நினைக்க மாட்டார்களா? லீவு போட்டு வந்தேன். வெளியே சிமெண்டுப் பூச்சு, உள்ளே இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ், அதற்கு மேல் பளபளக்கும் பெயிண்ட். ஒரே மாதத்தில் முடித்தேன்.

“இந்தச் சுவரை மட்டும் விட்டுருங்க,” என்றாள் அவள், கட்டில் கிடந்த பக்கத்தைக் காட்டி.

நான் விடவில்லை. அரைகுறையாகச் செய்தால் அசிங்கம் என்றேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் திரும்பிப் போனேன். அடுத்த மழைக்காலம் முடிந்தபின் போனில் சொன்னாள். “சுவரு வேர்க்குதுங்க. தை பொறந்தும் காயலை.”

இன்னொரு கோட்டிங் அடிக்கச் சொன்னேன். அடித்தார்கள். டைல்ஸ் இடுக்கில் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. அவளுக்கு வீசிங் வந்தது. அறையில் ஈரம் ஆகாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். மறுபடியும் கோட்டிங் அடிக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். வேறு அறைக்குப் போ என்றால், காற்று வருகிற அறை பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்பாள்.

மூன்றாவது மழை முடிந்து மாசியில் மூச்சு முட்டியே போய்விட்டாள். அவளை அடக்கும்போது நான் விமானத்தில் இருந்தேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் உளியையும் சுத்தியலையும் எடுத்து அந்தச் சுவரை உடைக்க ஆரம்பித்தேன். வெளியே பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. டைல்ஸுக்குப் பின்னால் கல் இன்னும் நசநசவென்று ஈரமாக இருந்தது. மகள் அறை வாசலில் நின்று பார்த்தாள்.

“அன்னைக்கு வீடு பாக்க வந்தவங்க யாரும் சுவரைப் பாக்கவே இல்லை வாப்பா,” என்றாள். “கிணத்துத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியான்னுதான் கேட்டாங்க.”

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மகள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்தச் சுவர் காய ஒரு வருஷம் ஆனது. இப்போது மத்தியானத்தில் என் மனைவி உட்கார்ந்த இடத்தில் உட்கார்கிறேன். கல் முதுகில் குளிர்கிறது. போன் கையில்தான் இருக்கிறது, பேச ஆளில்லை.