குசினிப் பக்கம் வந்தவர்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அந்த வேலைத்திட்டம் வந்தபோது, முதலில் வந்தது பேனர்தான். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் சுவரில் அதைக் கட்டினார்கள். ‘இளம் பெண்களுக்கு வலுவூட்டல்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. ஒரு பக்கம் வெளிநாட்டு நிறுவனமொன்றின் சின்னம், மறுபக்கம் ஹோட்டல்காரர்களின் சின்னம், நடுவில் தோட்டக் கம்பனியின் சின்னம். அம்மா கொழுந்துக் கூடையோடு நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“வலுவூட்டறதுன்னா என்ன, சத்துமாவு குடுப்பாங்களா?”

சத்துமாவு கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டில்களை ஓரமாக நகர்த்திவிட்டு எங்களைப் பாயில் உட்காரவைத்துப் பேசினார்கள். என்ன ஆக விருப்பம் என்று கலர்ப் பேனாவால் எழுதச் சொன்னார்கள். எல்லோரும் டீச்சர் என்று எழுதினோம். வேறு என்னென்ன இருக்கிறதென்று எங்களுக்கு யார் சொன்னது? எனக்கு இந்த மாதிரிக் கூட்டங்கள் மேல் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. பணிஸும் தேத்தண்ணியும் தருவார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். இவர்கள் போகவில்லை. மழையிலும் பொகவந்தலாவை பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நான் வீட்டில் சும்மா இருந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் புதுச் செய்தியொன்று கொண்டுவந்தார்கள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ஆறு மாதப் பயிற்சி. தங்க இடமும் சாப்பாடும் உண்டு, முடித்தால் வேலையும் உண்டு. கூட்டம் முடிவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். அப்பாவிடம் கேட்க வேண்டும் என்பது கையை இறக்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிறவர். கொழுந்து பக்குவமாக வாடும்வரை எவ்வளவு நேரமென்றாலும் பொறுமையாகக் காத்திருப்பார். நாங்கள் ஒரு பேச்சைப் பேசி முடிக்கும்வரை காத்திருக்கமாட்டார்.

“ஓட்டல் வேலையா? பொட்டப்புள்ள ஓட்டல்ல வேலை செய்யுதுன்னா நாலு பேரு என்னா பேசுவாங்க?”

“நாலு பேரு எதுக்குத்தான் பேசல?” என்றாள் அம்மா. “ஊர் வாய மூட உலமூடியா இருக்கு?”

அப்பா ஏற்கெனவே ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். கடைக்காரர் தெரிந்தவர், கோயில் குளம் என்று போகிறவர், பின்னேரம் ஆனதும் பஸ் ஏற்றிவிடுவார். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. எனக்குத்தான் நாள் முழுக்கப் புடவையை விரித்துக் காட்டுவதும் மடித்து வைப்பதும் பிடிக்கவில்லை. இரண்டு நாள் நான் சாப்பிடாமல் இருந்தேன். அம்மா பேசாமல் இருந்தாள். அப்பாவுக்கு நான் பட்டினி கிடந்ததைவிட அம்மா வாயை மூடிக்கொண்டதுதான் பயமாக இருந்திருக்க வேண்டும். கடைசியில் இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு.

“பயிற்சி பாதியில பெத்தவங்கள கூப்பிடுவாங்களாம்ல. அன்னைக்கு வந்து பார்ப்பேன். சரியில்லன்னு என் மனசுல பட்டுச்சு, கையோட கூட்டிட்டு வந்துருவேன். பைய கட்டி வச்சிரு.”

அந்த ஹோட்டல் ஒரு காலத்தில் தோட்டம் நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவாக இருந்தது. வெள்ளைச் சுவர், உயரமான புகைக்கூண்டு, வாசல்வரை வளைந்து ஏறும் பாதை, இரண்டு பக்கமும் நீலப் பூச்செடிகள். எங்கள் தோட்டத்திலும் இதே மாதிரி ஒரு பங்களா இருக்கிறது. அதன் முன்பாதையில் எங்கள் ஆட்கள் யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. துரையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் விறகுக் கொட்டிலைச் சுற்றிக்கொண்டு குசினிப் பக்கம் போய் நிற்க வேண்டும். சமையல்காரர் உள்ளே போய்ச் சொல்வார். துரை வந்தால் வருவார். போகாதே என்று பலகை எதுவும் இல்லை, யாரும் எங்களைத் தடுத்ததும் இல்லை. மழை பெய்தால் ஒதுங்குவதற்குச் சொல்லியா தர வேண்டும்?

பயிற்சிக்கு வந்த முதல் வாரம் நானும் முன்பாதையில் ஓரமாகத்தான் நடந்தேன். எங்களுக்குச் சொல்லித்தந்த மிஸ் ஒரு சிங்களப் பெண்மணி, கண்டிப்பானவர். சிங்களத்தில்தான் பேசுவார், திட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் தமிழ் வைத்திருந்தார். மேசை விரிக்க, கட்டில் போட, சூப் சிந்தாமல் வைக்க எல்லாம் பழக்கினார். கதவைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. வருகிறவர் யாரானாலும் கதவை முழுசாகத் திறக்க வேண்டும். பாதி திறந்தால் ‘எதற்கு வந்தாய்’ என்று கேட்பது போல இருக்கும் என்பார்.

எனக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பராவில் ஐந்து பேர் படுத்துப் பழகியவளுக்கு, தலைமாட்டில் ஜன்னலோடு தனிக்கட்டில் கிடைத்தது. சட்டையில் என் பெயரை எழுதிக் குத்தியிருந்தார்கள். வெளிநாட்டுக்கார அம்மா ஒருவர் அதைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தப்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டுப் புடவை மடிக்கப் போக வேண்டுமோ என்று நினைக்கும்போதெல்லாம் மேசை விரிப்பை இன்னொரு தடவை நீவிவிடுவேன்.

பெற்றோரை அழைத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. சொன்ன சொல்லுக்காகப் பையைக் கட்டி வரவேற்பு மேசைக்குப் பின்னால் வைத்திருந்தேன். கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, வலைபோட்ட கொண்டை. காற்சட்டை விஷயம் அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. கதவுக்கு என்னைத்தான் போட்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் தட்டில் தேசிக்காய்ச் சாறு வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அன்று காலையில்தான் வாசல் தரையை நான் முகம் தெரியத் துடைத்திருந்தேன்.

பஸ் வந்து கீழே கேட்டடியில் நின்றது. எங்கள் ஆட்கள் இறங்குவது ஜன்னலில் தெரிந்தது. ஆண்கள் வெள்ளைச் சட்டை, பெண்கள் தீபாவளிச் சேலை. பாதையில் ஏறி, பூச்செடித் திருப்பத்தில் மறைந்தார்கள். நான் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் வரவில்லை. மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். சாறு பிடித்தவள் தட்டை மேசையில் இறக்கி வைத்தாள். அப்போது உள்ளேயிருந்து பெரிய சமையல்காரர் ஓடிவந்தார். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இங்கே யாருக்குக் காத்திருக்கிறீர்கள்? உங்கள் ஆட்கள் எல்லாரும் என் குசினியில் இருக்கிறார்கள்!”

ஓடிப்போய்ப் பார்த்தோம். உண்மைதான். திருப்பத்தில் முன்பாதையை விட்டுவிட்டு, ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லிக்கொள்ளாமல், எல்லோரும் விறகுக் கொட்டிலைச் சுற்றிப் பின்பக்கம் வந்துவிட்டார்கள். ஆண்கள் முற்றத்தில் சுவரோரமாக நின்றார்கள். பெண்கள் சும்மா நிற்கத் தெரியாதவர்கள் அல்லவா, குந்தி உட்கார்ந்து வேலையையே தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி லீக்ஸ் நறுக்கினாள், ஒருத்தி போஞ்சிக்கு நார் எடுத்தாள். என் அம்மா பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை. யார் மேல் என்று அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும், ஆனால் அந்த வெள்ளைக்காரத் துரைமார் எல்லோரும் எப்போதோ கப்பலேறிவிட்டார்கள்.

“அம்மா, எந்திரி. இன்னைக்கு நீ விருந்தாளி.”

“இந்தா, இந்த ஒரு பூண்டு. பாதியில போட்டுட்டு வரவா?”

குசினியிலிருந்து சாப்பாட்டு அறைக்கு உள்ளேயே ஒரு கதவு இருக்கிறது. அந்த வழியாகவே அழைத்துப் போகலாம், நேரமாகிறது என்றார் மிஸ். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் முடியவில்லை.

“வேணாம் மிஸ். சுத்திப் போய் முன்னால வரட்டும்,” என்று சிங்களத்தில் சொன்னேன். அவரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. மிஸ் என்னைப் பார்த்தார், முற்றத்தில் நின்றவர்களைப் பார்த்தார், பிறகு தலையசைத்தார்.

அப்பாவிடம் போனேன். என் காற்சட்டையை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார்.  தோள் துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். பெரிய ஆட்கள் முன்னால் நிற்கும்போது அவர் செய்வது அது.

“அப்பா, இப்படியே சுத்தி முன்வாசலுக்கு வாங்க.”

“எதுக்கு? இங்கனயே நல்லாத்தானே இருக்கு.”

“வாங்கப்பா.”

“காலெல்லாம் சேறு. அங்கிட்டு எல்லாம் பளபளன்னு கெடக்கும்.” மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்த வாசல்ல போனா யாரும் எதுவும் சொல்லமாட்டாங்களா?”

என் அப்பா யாருக்கும் பயந்தவர் என்று நான் நினைத்ததே இல்லை. வீட்டில் அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால். 

“அந்த வாசல்ல நிக்கிறதே நான்தாம்ப்பா,” என்றேன்.

அவர் என் முகத்தையும் சட்டையில் குத்தியிருந்த பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள். நான் உள்வழியாக ஓடினேன். ஹோட்டலுக்குள் ஓடக்கூடாது என்பது மிஸ்ஸின் முதல் சட்டம். அன்றைக்கு மிஸ்ஸும் என் கூடவே ஓடினார்.

கதவை முழுசாகத் திறந்தேன். அப்பா படியில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். 

“வணக்கம். வாங்க,” என்றேன், பழக்கியிருந்த குரலில்.

அவரும் பதறிப்போய்க் கைகூப்பி, “வணக்கம் வணக்கம்,” என்றார். கூப்பிய பிறகுதான் யாருக்குக் கூப்பினோம் என்று உறைத்திருக்கும். வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் வெட்கப்பட்டு அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பின்னால் நின்ற அம்மாதான், “நகருங்க, நாங்களும் உள்ள வரணும்ல,” என்று அவரைத் தள்ளிவிட்டாள்.

சாப்பாட்டின்போது அப்பா நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். சூப்பை அரைவாசி குடித்தார். அவர் கண் தட்டில் இல்லை. நான் எந்த மேசைக்குப் போனாலும் அங்கே வந்தது. ஒரு மேசையில் சிங்களம், ஒரு மேசையில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ். எதுவும் சிந்தக்கூடாதென்று எல்லா சாமியையும் கும்பிட்டுக்கொண்டே பரிமாறினேன். அம்மா எல்லாக் கறியிலும் உப்புக் குறைவு என்றாள். பூண்டுக் கறியை மட்டும் குறை சொல்லவில்லை.

முடிவை அவர் சொல்வார் சொல்வார் என்று பார்த்தேன். அதற்குள் பஸ் ஹோன் அடித்தது, எல்லோரும் இறங்கிப் போனார்கள். கேட்பதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்ன சொல் சொன்னதுதானே என்று பையைத் தூக்கிக்கொண்டு பாதையில் இறங்கி, பஸ்ஸடியில் அவர் முன்னால் போய் நின்றேன். அழக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். மூடுபனி மலையிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது.

“இத ஏன் தூக்கிட்டு வந்த?” என்றார் அப்பா.

“நீங்கதானே கட்டி வைக்கச் சொன்னீங்க.”

 என் கையிலிருந்து பையை வாங்கினார். பஸ்ஸில் ஏற்றப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி, பூச்செடிப் பாதையில் விறுவிறுவென்று ஏறினார். திருப்பத்தில் தயங்கவில்லை. ஓரமாக நடக்கவில்லை. படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்வாசலால் உள்ளே போய், வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் பையை வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிவந்தார்.

“மழை வரப்போவுது. உள்ள போ,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார். அம்மா ஜன்னலால் கையாட்டினாள், கூடவே சேலைத் தலைப்பால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

நான் மேலே போனபோது மிஸ் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். வாசலிலிருந்து மேசைவரை போய்த் திரும்பிய செருப்புத் தடம், பளபளத்த தரையில் சேறு சேறாக.

“யார் இது? உடனே துடை,” என்றார்.

“துடைக்கிறேன் மிஸ்,” என்றேன்.

பொழுது சாயும்வரை துடைக்கவில்லை.